நானோ மூலிகை எண்ணெய்க்கு முன்பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

உச்சிப்புளிச் செல்வி

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் எங்கள் மகளிர் குழுவில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி இலை, கறிவேப்பிலை போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி விற்கிறோம். தேங்காய் இங்கே தோப்பில் விளைந்தது, எண்ணெய் செக்கில் ஆட்டியது. ராமநாதபுரம், பரமக்குடிக் கடைகளுக்குப் போகிறது. ராமேஸ்வரத்துக்கு வருகிற வெளியூர் ஆட்களும் வாங்குகிறார்கள்.

போன வாரம் ஒருவர் வந்தார். "உங்கள் எண்ணெயை நானோ முறையில் மாற்றித் தருகிறோம். முடி வேர் வரைக்கும் இறங்கும், மூன்றே மாதத்தில் வழுக்கையிலும் முளைக்கும், ஐந்து மடங்கு விலை வைக்கலாம்" என்றார். எண்ணெயை அவர்களே எடுத்துப்போய் மாற்றிக் கொண்டுவந்து தருவார்களாம். அதற்கு முன்பணம். மாதிரிக்கு ஒரு சின்னக் குப்பியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

குழுவில் பாதிப்பேர் கொடுக்கலாம் என்கிறார்கள். அது எல்லோரும் சேர்ந்து சேமித்த பணம். நானோ என்றால் உண்மையில் என்ன, எண்ணெய்க்கு அதனால் பலன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் வலைக்காரன்

அக்கா, எனக்கு நல்ல அனுபவம்தான். பெரிய காய்ச்சல் வந்து தேறினபிறகு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கடலுக்குப் போய்விட்டு வந்து தலையைத் துவட்டினால் துண்டு முழுக்க முடி. நானோ என்று போட்டிருந்த ரோஸ்மேரி எண்ணெய் வாங்கித் தேய்த்தேன். நாலைந்து மாதத்தில் கொட்டுவது நின்றது, நெற்றி ஓரத்தில் குட்டி குட்டியாகப் புது முடியும் வந்தது. சாதா எண்ணெய் மேலேயே நிற்கும், இது உள்ளே போகும் என்று கடைக்காரர் சொன்னார். விலைதான் அதிகம்.

தொண்டி மருந்தியல்

செல்வி அக்கா, நான் மருந்தாக்கவியல் படித்தவன். ஆய்வகத்தில் நானோ எமல்ஷன் செய்து பார்த்திருக்கிறேன். இது ஏமாற்று வித்தை கிடையாது, நிஜமான தொழில்நுட்பம். ஆனால் உங்களிடம் வந்தவர் சொன்ன வாக்கியத்தில் மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாக முடிந்துவிட்டார். பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அளவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே 50,000 முதல் 1,00,000 நானோமீட்டர் வரும். எண்ணெயை 20 முதல் 200 நானோமீட்டர் அளவுத் துளிகளாக உடைத்துத் தண்ணீரில் நிறுத்துவதுதான் நானோ எமல்ஷன். சும்மா கலக்கினால் உடையாது. மீயொலிக் கருவியோ, அதிக அழுத்தத்தில் சின்ன இடுக்கு வழியே தள்ளும் எந்திரமோ வேண்டும். உடைந்த துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் இருக்க பாலிசார்பேட் மாதிரி ஒரு பால்மமாக்கி சேர்க்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் துளியாக நிற்க வேண்டுமென்றால் அது எண்ணெயில் கலக்காத வேறொன்றுக்குள் நிற்க வேண்டும். எண்ணெய்க்குள் எண்ணெய்த்துளி நிற்காது, கலந்து ஒன்றாகிவிடும். அதனால் "சுத்தமான நூறு சதவீத எண்ணெய், நானோ எமல்ஷன்" என்று ஒரே குப்பியில் எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று பொய். எண்ணெயில் மிதக்கும் நானோ துகள் என்று வேறு வகையும் உண்டு. அப்படியானால் அந்தத் துகள் எதனால் ஆனது என்று சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, உள்ளே போவது. மூன்றாவது, போன பொருள் முடியை வளர்க்குமா என்பது. நானோ என்பது ஒரு வள்ளம் மாதிரி. சரக்கைக் கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும், சரக்கு நல்லதா என்பது வள்ளத்தின் கையில் இல்லை.

சரக்கைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். ரோஸ்மேரி எண்ணெயை, வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்தான 2 சதவீத மினாக்ஸிடிலோடு ஒப்பிட்டு ஈரானில் ஓர் ஆய்வு நடந்தது, 2015-ல் வெளியானது. 100 பேர், 6 மாதம். முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு குழுவிலும் முடி கூடியது கொஞ்சம்தான், வெறும் எண்ணெய் தேய்த்த மூன்றாவது குழு ஒன்று வைக்கவே இல்லை. செம்பருத்தியை நம் சென்னை மத்தியத் தோல் (லெதர்) ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிகளில் சோதித்து 2003-ல் எழுதினார்கள். பூவைவிட இலைச் சாரம் நன்றாக வேலை செய்தது. நீங்கள் இலை போடுவது சரியான கை. கரிசலாங்கண்ணிக்கும் வெள்ளை எலிகளில் நல்ல முடிவு 2008-ல் வந்திருக்கிறது. எலி முதுகு மனிதத் தலை ஆகாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தேங்காய் எண்ணெய் வேறு கணக்கு. அதன் கொழுப்பில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். சின்ன, நேரான மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள்ளேயே இறங்குகிறது. குளிக்கும்போதும் சீவும்போதும் முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்யவில்லை என்று 2003-ல் வந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. இது முடியைக் காப்பாற்றும் வேலை, புது முடியை முளைக்கவைக்கும் வேலை இல்லை. அந்தக் காப்பாற்றும் வேலைக்கு நானோ தேவையே இல்லை, உங்கள் எண்ணெய் இப்போதே அதைச் செய்கிறது.

ராமநாதபுரம் கிளினிக்

பாம்பன் தம்பிக்கு. நான் இங்கே பொது மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் எண்ணெயைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது காய்ச்சல்தான்.

தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொன்றும் சில வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுத்து விழும், அதே குழியில் அடுத்தது கிளம்பும். தினமும் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, திடீரென்று எடை குறைவது, இவை வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும். காரணம் நீங்கினால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தானாகவே நிற்கும், புது முடியும் வரும். கொட்ட ஆரம்பித்ததும்தான் எல்லோரும் எண்ணெய் வாங்குகிறோம். முடி திரும்பும்போது கையில் அந்தக் குப்பி இருக்கும்.

எண்ணெய் உதவியதா இல்லையா என்று உங்கள் ஒருவர் தலையை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. நூறு பேரை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பது அதற்காகத்தான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. என்னிடம் முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களில் ரத்தசோகையும் தைராய்டும் நிறையப் பார்க்கிறேன். எந்த எண்ணெய் வாங்கும் முன்பும் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலைத்தோலில் புண்ணோ தழும்போ இருந்தால், எண்ணெயோடு காலம் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

பாம்பன் வலைக்காரன்

டாக்டர் சொல்வது புரிகிறது. காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் கொட்டவே ஆரம்பித்தது. ஆனால் இங்கே உப்புத்தண்ணீர்தானே எல்லோருக்கும் பிரச்சினை? போர் தண்ணீரில் குளித்தால் முடி கம்பி மாதிரி ஆகிறது. மதுரையில் தங்கை வீட்டில் நாலு நாள் குளித்தால் பூ மாதிரி இருக்கிறது. அதற்கு நானோ உதவாதா?

ராமநாதபுரம் கிளினிக்

கொட்டிய முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருந்தால் அது வேரோடு விழுந்தது. முண்டு இல்லாமல் இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தால் நடுவில் ஒடிந்தது. உப்பு, வெயில், கடல்காற்று இவை பெரும்பாலும் முடித்தண்டைக் கெடுக்கிறவை. சொரசொரப்பாக்கும், செம்பட்டையாக்கும், ஒடிக்கும். வேர் அதனால் சாவதில்லை. கடின நீரில் முடியின் வலு குறைகிறதா என்று செய்த ஆய்வுகளே ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஒடிகிற முடிக்கு, குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய், கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீரில் அலசல், கடலில் தலைக்குத் துணி. இதற்கு மேல் பணம் செலவழிக்க வேண்டாம்.

கீழக்கரை லாத்தா

செல்வி, நாங்கள் வீட்டில் தலைமுறையாக எண்ணெய் காய்ச்சுகிறோம். இலையை இடித்துப் பிழிந்த சாற்றை எண்ணெயில் விட்டதும் சடசடவென்று பொரியும். அடுப்பைச் சிறுதீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை அடங்கி, சத்தம் நின்று, அடியில் நிற்கும் வண்டலை விரலில் உருட்டினால் மெழுகு மாதிரித் திரளும். அப்போது இறக்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் கருகல் வாடை வந்துவிடும், முன்னாடியே இறக்கினால் தண்ணீர் நின்று பூசணம் பிடிக்கும். இந்தப் பதம் தெரிந்த கைதான் உங்கள் முதல். அதை ஒருவர் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டு என்னவோ கலந்து கொண்டுவந்தால், அப்புறம் அது யாருடைய எண்ணெய்?

இன்னொன்று கேட்கிறேன் தம்பி தொண்டி. எங்கள் உம்மும்மா விரல் நுனியால் வேர் வேராக அழுத்தித் தேய்ப்பார்கள். சும்மா தடவினால் திட்டுவார்கள். எண்ணெய் உள்ளே போவதற்கு அந்தத் தேய்ப்பு போதாதா?

தொண்டி மருந்தியல்

லாத்தா, நீங்கள் கேட்டதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோலின் மேலடுக்கு நெருக்கமாக அடுக்கிய செல்லும் கொழுப்பும். பெரிய மூலக்கூறு எளிதில் புகாது. ஆனால் முடி கிளம்பும் ஒவ்வொரு குழியும் ஒரு திறந்த வாய். மருந்தை அந்த வாய் வழியே இறக்கினால் என்ன என்று ஜெர்மனியில் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் வேலை செய்தார்கள். பன்றித் தோலில் 320 நானோமீட்டர் துகளையும், துகள் இல்லாத கரைசலையும் பூசிப் பார்த்தார்கள். 2007-ல் வந்த முடிவு இது: தேய்த்துவிட்டபோது துகள் கரைசலைவிட ஆழமாக இறங்கியது. தேய்க்காமல் விட்டபோது அந்த வித்தியாசம் இல்லை. பிறகு மனிதத் தோலில் பார்த்தபோது துகள் 10 நாள் வரை குழியிலேயே தங்கியது, கரைசல் 4 நாளில் போய்விட்டது.

அதற்கு அவர்கள் சொன்ன காரணம்: முடியின் மேல் ஓடு ஓடாகச் செதில் இருக்கிறது. தேய்க்கும்போது முடி முன்னும் பின்னும் ஆட, செதில் விளிம்புகள் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுகின்றன. துகளின் அளவு செதில் தடிமனுக்குப் பொருந்தினால் நன்றாகத் தள்ளும். பிறகு பல அளவுகளைச் சோதித்ததில் சுமார் 600 நானோமீட்டர் துகள்தான் மிக ஆழமாகப் போனது. அதைவிடச் சின்னதும் பெரியதும் அவ்வளவு போகவில்லை. சின்னதாக்க ஆக்க உள்ளே போகும் என்பது முடிக்குழி விஷயத்தில் சரியில்லை. ஐரோப்பிய அழகுசாதனச் சட்டத்தில் நானோ என்பது 1 முதல் 100 நானோமீட்டர். அந்தக் கணக்கில் பார்த்தால் குழிக்கு ஏற்ற துகள் நானோவிலேயே சேராது.

அதனால் உங்கள் உம்மும்மா தேய்த்தது வீண் இல்லை. துகள் இருந்தாலும் கை வேண்டும். துகள் இல்லாத எண்ணெய் அந்த அளவுக்குத் தங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் நானோவுக்கு நியாயமான இடம் இருக்கிறது. ரோஸ்மேரி, புதினா மாதிரி ஆவியாகும் எண்ணெய்கள் காற்றுப் பட்டால் போய்விடும், கெட்டும் போகும். கொழுப்புத் துகளுக்குள்ளோ பாலிமர் உறைக்குள்ளோ அடைத்தால் மெதுவாக வெளிவரும், எரிச்சலும் குறையலாம். அடுத்த இருபது வருடத்தில் இதிலிருந்து நல்ல மருந்து வரும் என்று நான் மனதார நம்புகிறேன். இன்றைக்குக் கடையில் இருக்கும் குப்பிகளுக்கு அந்த நம்பிக்கையைக் கடன் கொடுக்க மாட்டேன்.

மண்டபம் பாசி

பாலிமர் உறை என்கிறீர்களே அண்ணே, அது கடற்பாசியிலிருந்து வருவதுதானே? எங்கள் அம்மா, மதினி எல்லாம் தீவுப்பக்கம் பாசி எடுக்கிறவர்கள். கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூச்சுப்பிடித்து இறங்குவார்கள். கட்டக்கோரை, மரிக்கொழுந்து என்ற பாசிகளைக் காயவைத்து வியாபாரிக்கு எடை போடுவதோடு சரி. அது எங்கே போகிறது, என்னவாகிறது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

தொண்டி மருந்தியல்

ஆமாம் தம்பி, அதுவேதான். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர். மிதவை கட்டி வளர்க்கிறீர்களே பெப்சி பாசி, அதிலிருந்து கேரஜீனன். பற்பசையும் ஷாம்பூவும் கெட்டியாக நிற்பதற்குச் சேர்க்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. ஆல்ஜினேட் கால்சியத்தோடு சேர்ந்தால் உறைந்துவிடும். அந்த உறைதலைக் கட்டுப்படுத்தி எண்ணெயை உள்ளே அடைக்கலாம்.

இன்னொன்று இறால், நண்டு ஓடு. அதில் இருக்கும் கைட்டின் என்ற பொருளை அமிலத்திலும் காரத்திலும் பக்குவப்படுத்தினால் கைட்டோசான். அது நேர்மின் ஏற்றம் கொண்டது, முடியும் தோலும் எதிர்மின் ஏற்றம், அதனால் ஒட்டி நிற்கும். ஆல்ஜினேட்டும் எதிர்மின் ஏற்றம்தான். கைட்டோசானையும் ஆல்ஜினேட்டையும் சரியான அளவில் கலந்தால் நானோ துகள் தானே உருவாகும். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதைச் செய்கிறார்கள், மூலப்பொருள் இரண்டும் நம் கரையில் கிடக்கிறது.

மண்டபத்திலேயே மத்திய அரசின் கடற்பாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். பாசி எடுக்கிற பெண்கள் காய்ந்த பாசியோடு நின்றுவிடாமல், தூள் எடுத்து விற்கும் நிலைக்காவது வர வேண்டும். அந்தப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். முடி எண்ணெய்க்கு நானோ வருகிறதோ இல்லையோ, இந்தப் பணம் நம் ஊரில் நிற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

மண்டபம் பாசி

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்தச் சங்கதியை முதலிலேயே சொல்லியிருந்தால் எடை போடும்போது ஒரு வார்த்தை பேசியிருப்போமே என்கிறார்கள்.

உச்சிப்புளிச் செல்வி

தம்பி தொண்டி, எண்ணெய்க்குள் எண்ணெய்த்துளி நிற்காது என்று சொன்னீர்களே, அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த மாதிரிக் குப்பியை வீட்டில் சோதிக்க வழி உண்டா?

தொண்டி மருந்தியல்

உண்டு அக்கா. ஒரு கண்ணாடித் தம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்து நாலு சொட்டு விட்டு மெதுவாகக் கலக்குங்கள். வட்ட வட்டமாக மேலே மிதந்தால் அது வெறும் எண்ணெய். பால் மாதிரி வெளுத்துப் பரவினால் எமல்ஷன், ஆனால் துளி பெரிது. லேசாக நீலம் பாய்ந்தது போலக் கண்ணாடியாகக் கரைந்தால் துளி நானோ அளவுக்குப் பக்கத்தில் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல, லேசர் ஒளியை வைத்துத் துகள் அளவு எடுக்கும் கருவியின் அறிக்கை வேண்டும். உண்மையாகச் செய்கிறவர்களிடம் அந்த அறிக்கை கட்டாயம் இருக்கும்.

உச்சிப்புளிச் செல்வி

குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் செய்து பார்த்தோம். எண்ணெய் அப்படியே மேலே திட்டுத்திட்டாக மிதந்தது. கலக்கிவிட்டு வைத்தாலும் மறுபடி மேலே வந்து சேர்ந்துவிட்டது. பக்கத்திலேயே எங்கள் எண்ணெயையும் ஒரு தம்ளரில் விட்டோம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, அவர்களுடையதில் கற்பூர வாடை மட்டும் தூக்கல்.

போன் போட்டுத் துகள் அளவு அறிக்கை கேட்டேன். அது கம்பெனி ரகசியம் என்றார். எண்ணெயில் மிதக்கும் துகள் எதனால் ஆனது என்று கேட்டேன், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். முன்பணம் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம்.

பாம்பன் வலைக்காரன்

என் குப்பியில் மிச்சம் இருந்ததை விட்டுப் பார்த்தேன். பால் மாதிரி வெளுத்தது. பின்னால் பொடி எழுத்தில் தண்ணீர், பாலிசார்பேட் எல்லாம் போட்டிருக்கிறது.

தொண்டி மருந்தியல்

அப்போது உங்களுடையது எமல்ஷன்தான், பெயருக்காவது நேர்மை இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் சேர்ந்த பொருளுக்குக் காலாவதித் தேதி ரொம்ப முக்கியம். வாடை மாறினாலோ அடுக்காகப் பிரிந்தாலோ தேய்க்காதீர்கள்.

ராமநாதபுரம் கிளினிக்

கற்பூர வாடை என்று செல்வி எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்ல வேண்டும். கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தை தலையில் வைக்கவே வைக்காதீர்கள். கற்பூரம் உடம்புக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். குப்பியைக் குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ரோஸ்மேரி, புதினா மாதிரி காரமான எண்ணெய்களையும் நேரடியாகத் தேய்க்கக் கூடாது, தேங்காய் எண்ணெயில் நன்றாக நீர்க்கவைத்துத்தான் தேய்க்க வேண்டும். பொடுகு அதிகமாக இருப்பவர்கள் எண்ணெயைத் தலையில் ஊறவிட வேண்டாம். பொடுகோடு வளரும் பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு.

உச்சிப்புளிச் செல்வி

நன்றி டாக்டர். இப்போது லேபிளை மாற்றி அச்சடிக்கப் போகிறோம். "முடி உதிர்வை நிறுத்தி அடர்த்தியாக வளரச் செய்யும்" என்று இதுவரை போட்டிருந்தோம். அதை வைத்துக்கொள்ளலாமா?

தொண்டி மருந்தியல்

எடுத்துவிடுங்கள் அக்கா. மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யில் வழுக்கையும் புது முடி வளர்ப்பதும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ளதைத் தீர்ப்பதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. உங்களிடம் வந்தவர் சொன்ன "வழுக்கையில் முளைக்கும்" அதில்தான் மாட்டும். அழகுசாதன எண்ணெயாக விற்க உரிமம் வேண்டும், சித்த மருந்தாக விற்றால் அதற்குத் தனி உரிமம். முன்பணமாகக் கொடுக்க இருந்ததில் ஒரு பகுதியை இதற்குச் செலவழியுங்கள், பெரிய கடைகளுக்கும் போகலாம்.

உச்சிப்புளிச் செல்வி

எழுதிப் பார்த்தது இது. பார்த்துச் சொல்லுங்கள்:

"செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், கரிசலாங்கண்ணிச் சாறு, செம்பருத்தி இலை, கறிவேப்பிலை. சிறுதீயில் காய்ச்சியது. குளிப்பதற்கு முன் விரல் நுனியால் வேர்களில் தேய்க்கவும். முடி வறண்டு ஒடிவதைக் குறைக்கும். வாசனைக்கு வேறு எதுவும் சேர்க்கவில்லை."

கீழக்கரை லாத்தா

காய்ச்சிய தேதியைப் பெரிய எழுத்தில் போடு செல்வி. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஐம்பது குப்பி வேண்டும், விலை சொல்.

ராமநாதபுரம் கிளினிக்

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு வரி சேருங்கள்: "முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்க்கவும், அரிப்பு வந்தால் பயன்படுத்த வேண்டாம்."